கொழுக்கட்டைக்கு எத்தனை எழுத்து? தமிழ்த் தளம் கட்டும்போது கருவிகள் சறுக்கும் இடம்

#1 திண்ணைவாசகி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் நாலாயிரத்துச் சொச்சம் புத்தகங்கள் இருக்கின்றன. பட்டியல் இதுவரை மூன்று நீள நோட்டுகளில்தான் இருந்தது. போன கோடை விடுமுறையில் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் ஐந்து பேர் உட்கார்ந்து எல்லாவற்றையும் எக்செல்லில் ஏற்றினார்கள். அதை யாரும் தேடிப் பார்க்கிற மாதிரி ஒரு தளமாக்க வேண்டும் என்பது என் ஆசை.

நான் தமிழாசிரியை. நிரல் எழுதிப் பழக்கமில்லை. ஒரு ஏஐ உதவியாளரிடம் கேட்டுக் கேட்டுச் செய்தேன். எஸ்கியூலைட் தரவுத்தளம், மேலே கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட். இரண்டே மாலையில் தளம் எழுந்துவிட்டது. எங்களிடம் உள்ள ஆங்கிலப் புத்தகங்கள் நாற்பதை வைத்துச் சோதித்தேன், எல்லாம் சரியாக வந்தது. தமிழை ஏற்றியதும்தான் தொல்லை.

"கொடி" என்று தேடினால் குடை, கூடை, காடு எல்லாம் வருகின்றன. பொருள் தலைப்புகளில் "கீதை" என்பதை அழுத்தினால் "கதை" பக்கம் திறக்கிறது. தலைப்பின் முதல் எழுத்தைப் பெரிதாகக் காட்டச் சொன்னேன். "கொ" என்று வர வேண்டிய இடத்தில் பெரிய "க" நிற்கிறது, அடுத்து ஒரு புள்ளி வட்டத்தோடு கொம்பும் காலும் தனியாகத் தொங்குகின்றன. அகரவரிசையில் பனை முதலில் வருகிறது, பல் பின்னால் வருகிறது. ஔவையார் என்று தேடினால் 6 புத்தகம் காட்டுகிறது, நோட்டில் எண்ணினால் 19 இருக்கிறது.

ஒன்றைச் சொல்லித் திருத்தினால் இன்னொன்று கெடுகிறது. இவை ஐந்து பிழைகளா, அல்லது அடியில் ஏதாவது ஒன்றுதானா? "பேசாமல் வேர்ட்பிரஸ்ஸுக்கு மாறிவிடுங்கள்" என்று ஒருவர் சொன்னார். மாறினால் தீருமா?

#2 கோவை_முன்முனை

டீச்சர், வேர்ட்பிரஸ்ஸுக்கு மாற வேண்டாம். பதினோரு வருடமாக முன்முனை வேலை, அதாவது தளத்தில் கண்ணுக்குத் தெரியும் பகுதியை எழுதும் வேலை செய்கிறேன். நீங்கள் சொன்ன ஐந்தில் மூன்று, ஒரே நோயின் மூன்று முகங்கள்.

கொழுக்கட்டையை எடுத்துக்கொள்வோம். உங்கள் மாணவர்களைக் கேட்டால் கொ, ழு, க், க, ட், டை என்று 6 எழுத்து எண்ணுவார்கள். ஜாவாஸ்கிரிப்டிடம் நீளம் கேட்டால் 11 என்று சொல்லும். யுடிஎஃப்-8 வடிவில் வட்டில் சேமித்தால் 33 பைட். மூன்றும் சரிதான். கேள்வி ஒவ்வொன்றும் வேறு.

11 எப்படி வருகிறது என்றால், எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் "கொ" என்பது ஒரு குறியீடு கிடையாது. க-வுக்கு ஒன்று, ஒகரக் குறிக்கு ஒன்று. புள்ளிக்குத் தனியாக ஒன்று. இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது, இதுதான் உங்கள் தொல்லைக்கெல்லாம் வேர். யூனிகோட் ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு வகை கொடுத்திருக்கிறது. க, ழ, ட எல்லாம் "எழுத்து" வகை. உயிர்க்குறிகளும் புள்ளியும் "மார்க்", அதாவது எழுத்தோடு ஒட்டி வரும் அடையாளம். ஆங்கிலத்தை மனதில் வைத்து எழுதிய நிரல், "எழுத்தும் எண்ணும் தவிர மற்றதைத் தூக்கிப் போடு" என்று சொல்லும். ஆங்கிலத்தில் அப்படிச் செய்தால் காற்புள்ளி, கேள்விக்குறி போகும். தமிழில் கொம்பும் காலும் புள்ளியும் போய்விடும்.

உங்கள் கீதை அங்கேதான் கதையானது. பக்க முகவரியில் வரும் பெயரை (ஸ்லக் என்பார்கள்) செய்யும்போது ஈகாரக் குறியும் ஐகாரக் குறியும் கழன்று "கத" மட்டும் மிஞ்சியிருக்கும். கதையும் "கத"தான். இரண்டாவதாக வந்தது முதலாவதின் மேல் எழுதிவிட்டது. பாடம், படம் என்று இரண்டு தலைப்பு இருந்தால் பாருங்கள், அதுவும் மோதியிருக்கும். எதை எடுப்பது, எதை விடுவது என்று சொல்லும் வாய்பாட்டில் (ரீஜெக்ஸ்) எழுத்து வகையோடு மார்க் வகையையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு வரி மாற்றம்தான்.

முதல் எழுத்துப் பிரச்சினைக்கு "இன்டில் செக்மென்டர்" என்று உலாவிக்குள்ளேயே ஒரு கருவி இருக்கிறது. சொல்லைக் கொடுத்தால் கொ, ழு, க், க, ட், டை என்று நாம் எண்ணுகிற மாதிரியே பிரித்துக் கொடுக்கும். குரோமில் 2020 கடைசியில் வந்தது, சஃபாரியில் 2021-இல். ஃபயர்பாக்ஸ் 2024 ஏப்ரலில் 125-ஆம் பதிப்பில்தான் சேர்த்தது. அதுவரை தயங்கிக்கொண்டிருந்தோம், இப்போது எந்தக் கூடுதல் நூலகமும் இல்லாமல் தைரியமாகப் பயன்படுத்தலாம். பத்து வருடமாக நான் காத்திருந்த ஒன்று இது. அது எல்லா உலாவியிலும் வந்த நாளில் எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

#3 வடமராட்சி_நிரலர்

தேடல் பற்றி நான் சொல்கிறேன், அதில் நான் நிறைய அடி வாங்கியவன்.

ரீச்சர், நீங்கள் எஸ்கியூலைட்டின் எஃப்டிஎஸ்5 தேடல் அட்டவணை பாவிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் வழமையாக வருகிற சொற்பிரிப்பானுக்கு யூனிகோட்61 என்று பெயர். எழுத்து வகையையும் எண் வகையையும் மட்டும்தான் சொல்லின் பகுதியாக அது எடுக்கும். மார்க் வந்தால் அங்கே சொல் முடிந்துவிட்டது என்று வெட்டிவிடும். ஆகவே "கொடி" உள்ளே போகும்போது "க", "ட" என்று இரண்டு துண்டாகிறது. குடையும் கூடையும் காடும் அதே இரண்டு துண்டுதான். தேடினால் எல்லாம் சேர்ந்து வராமல் என்ன செய்யும்?

அட்டவணையை உருவாக்கும் வரியில் "கேட்டகரீஸ்" என்று ஒரு அமைப்பு கொடுக்கலாம். எழுத்து, எண் வகைகளோடு எம்என், எம்சி என்ற இரண்டு மார்க் வகைகளையும் அதில் சேர்த்துவிட்டு அட்டவணையைத் திரும்பக் கட்டுங்கோ. கொடி கொடியாகவே கிடைக்கும்.

இரண்டாவது வழி டிரைகிராம் பிரிப்பான். 2020 டிசம்பரில் 3.34 பதிப்பில் வந்தது. சொல்லை மூன்று மூன்று குறியீடாக நறுக்கி வைத்துக்கொள்ளும், சொல்லின் நடுவில் இருப்பதையும் பிடிக்கும். "கொடி" என்று தேடினால் "பூங்கொடி"யும் வரும், "கொடியேற்றம்" வரும். தமிழில் ஒட்டு மேல் ஒட்டாக வருவதால் இது எங்களுக்கு நல்லாகப் பொருந்தும். ஆனால் மூன்று குறியீட்டுக்குக் குறைந்த சொல்லை அதால் தேட முடியாது. பூ, கை, தீ, மா எல்லாம் இரண்டே குறியீடு. எங்கள் மொழியில் ஓரெழுத்துச் சொல் எவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதற்கு மட்டும் சாதாரண லைக் தேடல் போதும். நாலாயிரம் புத்தகத்துக்கு அது கண் இமைக்கும் நேரம்.

#4 முதலாண்டு_மாணவன்

அண்ணா, இதே மாதிரி எனக்குப் பைத்தானில் நடந்தது! சொல் எண்ணும் புராஜெக்ட் ஒன்று கொடுத்தார்கள். புத்தகத்தில் இருந்தபடியே ரீஜெக்ஸ் எழுதினேன். கொழுக்கட்டை என்று கொடுத்தால் க, ழ, க, கட, ட என்று ஐந்து துண்டாக வந்தது. என் கணினியில் எழுத்துரு சரியில்லை என்று நினைத்து எழுத்துருவை மாற்றிக்கொண்டே இருந்தேன், ஒரு வாரம் போனது.

#5 வடமராட்சி_நிரலர்

தம்பி, எழுத்துருவில் பிழை இல்லை. பைத்தானோடு வருகிற ரீஜெக்ஸ் தொகுதியும் மார்க் வகையைச் சொல்லில் சேர்ப்பதில்லை. "ரீஜெக்ஸ்" என்ற பெயரிலேயே வெளியில் இருந்து நிறுவும் தொகுதி ஒன்று இருக்கிறது, அது சரியாகச் செய்யும். எழுத்து எழுத்தாகப் பிரிக்க ஓப்பன்-தமிழ் நூலகத்தைப் பாருங்கோ. தமிழருக்காகத் தமிழர் எழுதின திறமூலம். உள்ளே போய் வடிவாக வாசித்தால் ஒரு பருவப் பாடம் படித்த மாதிரி.

#6 டிஸ்கி_நாட்கள்

பிள்ளைகள் பேசுவதைப் படிக்க நிறைவாக இருக்கிறது. அகரவரிசை கேள்வி விடுபட்டுப் போனது, அதற்கு நான் வருகிறேன்.

எங்கள் காலத்தில் ஒவ்வொரு பத்திரிகைத் தளத்துக்கும் ஒரு குறிமுறை. ஒன்றைப் படிக்க அதன் எழுத்துருவை இறக்க வேண்டும், அடுத்ததற்கு வேறு. இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு இஓடி என்றும் நெட்ஸ்கேப்புக்கு பிஎஃப்ஆர் என்றும் இரண்டு வகை இயங்கு எழுத்துருக் கோப்பு செய்து ஏற்றுவோம். 1999-இல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்து தாப், தாம் குறிமுறைகளும் தமிழ் 99 விசைப்பலகையும் வந்தன. இணையத்தில் கூடிப் பேசியவர்கள் டிஸ்கி என்ற குறிமுறையைப் பிடித்துக்கொண்டோம். கடைசியில் யூனிகோட் எல்லோரையும் ஓர் இடத்தில் கொண்டுவந்து சேர்த்தது. நான் அதற்கு எதிரி இல்லை.

ஆனால் யூனிகோடின் தமிழ்ப் பகுதி நம் அகரவரிசையைப் பார்த்து அமைக்கப்படவில்லை. இந்திய அரசின் இஸ்கி தரத்தின் 1988 வடிவத்தை வைத்து அமைத்தார்கள். அதில் எல்லா இந்திய மொழிகளும் தேவநாகரியின் வரிசையில் நிற்கும். தேவநாகரியில் ந-வுக்குப் பக்கத்தில் ஓர் அறையில் ன உட்கார்ந்ததால், தமிழிலும் ந-வை அடுத்து ன வந்துவிட்டது. ர-வை அடுத்து ற, ல-வை அடுத்து ள, ழ, அப்புறம்தான் வ. கணினி குறியீட்டு எண்ணைப் பார்த்து அடுக்கினால் பனை, பறை, பல், பள்ளி, பழம், பவளம் என்று வரும். நாம் படித்தது ய ர ல வ ழ ள ற ன. அந்தப்படி பல், பவளம், பழம், பள்ளி, பறை, பனை. கடைசியில் நிற்க வேண்டிய பனை முதலுக்கு வந்தது அதனால்தான்.

2010-இல் தமிழ்நாட்டு அரசு டேஸ் 16 என்ற குறிமுறையையும் ஏற்று ஆணை போட்டது. அதில் 247 எழுத்துக்கும் தனித்தனி இடம். எண்ணினால் எழுத்துக் கணக்கு சரியாக வரும், வரிசையும் சரியாக வரும். அது யூனிகோடுக்குள் போயிருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

#7 கோவை_முன்முனை

ஐயா, வரலாற்றுக்கு நன்றி. டேஸ் பற்றி மட்டும் என் கருத்து வேறு. அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில்தான் உட்கார முடிந்தது. அந்தப் பகுதியில் யார் எதை வைத்தாலும் மற்றவர்களுக்கு அது என்ன எழுத்து என்று தெரியாது. தேடுபொறிக்குத் தெரியாது, கைபேசிக்குத் தெரியாது. இன்று ஒருவர் அதில் தளம் கட்டினால் அது ஒரு தீவு. குறைபாடு உள்ள பொது வழியைப் பழுதுபார்த்து நடப்பதுதான் நமக்கு நல்லது என்று நினைக்கிறேன்.

வரிசைக்கும் பழுதுபார்ப்பு ஏற்கெனவே நடந்துவிட்டது. ஜாவாஸ்கிரிப்டில் வெறும் "சார்ட்" போட்டால் ஐயா சொன்ன மாதிரி தப்பாக அடுக்கும். "லோகேல்கம்பேர்" போட்டு மொழி தமிழ் என்று சொல்லிவிட்டால் ல வ ழ ள ற ன என்று சரியாக அடுக்கும், புள்ளி வைத்த மெய்யையும் அகர மெய்க்கு முன்னால் வைக்கும். டீச்சர், இதுவும் ஒரு வரி மாற்றம்தான்.

#8 டிஸ்கி_நாட்கள்

தீவு என்று சொன்னது வலிக்கிறது, ஆனால் மறுக்க முடியவில்லை. அந்தப் பத்து வருடங்களில் டிஸ்கியில் எழுதிக் குவித்தவற்றில் எத்தனை இன்று திறக்கின்றன? தமிழ் நூல்களை மின்னூலாக்க 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் இருந்தவர்கள் பழைய குறிமுறையில் இருந்ததை யூனிகோடுக்கு மாற்றி வைத்தார்கள், அதனால் அவை பிழைத்தன. தனியார் வலைப்பக்கங்களுக்கு அப்படிச் செய்ய ஆள் இல்லை. என் சொந்தக் கட்டுரைகளே ஜியோசிட்டீஸ் என்ற இலவச வலையிடத்தோடு 2009-இல் போய்விட்டன.

#9 செவிவழி

வணக்கம். நான் பார்வையற்றவன். திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் திரைவாசிப்பான்களை, கைபேசியில் டாக்பேக், கணினியில் என்விடிஏ வைத்துத்தான் இந்த இழையையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். திண்ணைவாசகி அம்மாவுக்கு இரண்டு வேண்டுகோள்.

முதலாவது, பக்கத்தின் தொடக்கத்தில் மொழி தமிழ் என்று குறியுங்கள். எச்டிஎம்எல்லின் முதல் வரியிலேயே அதற்கு இடம் இருக்கிறது. பல தமிழ்த் தளங்களில் அந்த இடத்தில் ஆங்கிலம் என்றே இருக்கும், ஏனென்றால் கருவி கொடுக்கிற வார்ப்புருவில் அப்படி வரும், யாரும் மாற்றுவதில்லை. திரைவாசிப்பான் அதை நம்பி ஆங்கிலக் குரலை எடுக்கும். அந்தக் குரலுக்குத் தமிழ் தெரியாது. சில நேரம் மௌனமாகவே தாண்டிப் போய்விடும். கண் உள்ளவர்களுக்குப் பக்கம் அழகாகத் தெரியும், எனக்கு அங்கே ஒன்றுமே இருக்காது. ஆங்கிலப் புத்தகத் தலைப்பு நடுவில் வந்தால் அந்தத் தலைப்புக்கு மட்டும் ஆங்கிலம் என்று குறித்தால் போதும்.

இரண்டாவது, அந்தப் பெரிய முதல் எழுத்து. அதற்காகச் சொல்லை இரண்டு துண்டாக வெட்டித் தனித்தனி உறைக்குள் போட்டால் சில வாசிப்பான்கள் "கொ" என்று நிறுத்திவிட்டு அப்புறம் "ழுக்கட்டை" என்று படிக்கும். எழுத்து எழுத்தாக வந்து விழுகிற அசைவுகளும் அப்படித்தான். ஓர் அட்டவணை முழுக்க நூறு தலைப்பை அப்படிக் கேட்டுப் பாருங்கள். படிப்பகப் பட்டியலுக்கு அந்த அலங்காரம் தேவையா என்று ஒரு முறை யோசியுங்கள்.

#10 திண்ணைவாசகி

செவிவழி தம்பி, பெரிய எழுத்தை எடுத்துவிட்டேன். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதைத் தவிர அதற்குக் காரணம் ஒன்றும் இல்லை. மொழிக் குறியைப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே ஆங்கிலம் என்றுதான் இருந்தது. மாற்றிவிட்டேன். எங்கள் படிப்பகத்துக்கு வரும் ஒரு பெரியவருக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. அவருக்கு இது உதவும் என்று உங்களால்தான் தோன்றியது.

கொடி, கீதை, பனை மூன்றும் சரியாகிவிட்டன. இந்த விளக்கங்களையே எடுத்து ஏஐயிடம் கொடுத்தேன், உடனே புரிந்துகொண்டு திருத்தியது. அப்படியானால் முதலிலேயே ஏன் செய்யவில்லை?

#11 கோவை_முன்முனை

நல்ல கேள்வி. அது படித்த நிரல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத் தளங்களுக்கு எழுதியவை. நீங்கள் கேட்காதவரை அந்தப் பழக்கத்தில்தான் எழுதும். கேட்டால் யூனிகோட் வகைகள் பற்றி நம்மைவிட நன்றாகவே விளக்கும்.

2025 பிப்ரவரியில் ஏஐ ஆய்வாளர் ஆந்த்ரே கர்ப்பாதி "வைப் கோடிங்" என்று ஒரு பெயர் வைத்தார். நிரலைப் படிக்காமல், கேட்பதும் ஓட்டிப் பார்ப்பதுமாகவே கட்டுவது. நீங்கள் செய்தது கிட்டத்தட்ட அதுதான். நான் அதைக் குறை சொல்லவில்லை. ஒரு தமிழாசிரியை இரண்டு மாலையில் தளம் கட்டுகிறார் என்பது எனக்குப் பெரிய விஷயம், பத்து வருடம் முன்னால் நடக்காத விஷயம். ஆனால் "ஓட்டிப் பார்ப்பது" என்பதை எந்தச் சொல்லை வைத்துச் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நீங்கள் ஆங்கிலப் புத்தகம் நாற்பதை வைத்து ஓட்டினீர்கள். எங்கள் அலுவலகத்திலும் அப்படித்தான் நடக்கும். சோதனைக்கு எல்லோரும் "டெஸ்ட்" என்றுதான் அடிப்பார்கள், தமிழ் கடைசி வாரத்தில் வரும்.

நான் இப்போது எந்த வேலை ஆரம்பித்தாலும் முதல் நாளே ஆறு சொல்லைச் சோதனைக் கோப்பில் போட்டுவிடுகிறேன். கொழுக்கட்டை, கீதை, பனை, பூ, ஔவையார், ஸ்ரீ. ஏஐயிடம் வேலை கொடுத்தாலும் "இந்த ஆறும் தேடல், வரிசை, முகவரி, சுருக்கம் நான்கிலும் தேற வேண்டும்" என்று முதல் வரியிலேயே எழுதிவிடுவேன். அப்படிக் கொடுத்தால் முதல் முறையே ஒழுங்காக எழுதுகிறது.

சுருக்கம் என்றதும் ஞாபகம் வந்தது, புத்தகக் குறிப்பை 120 குறியீட்டில் வெட்டச் சொல்லியிருந்தால் அதையும் பாருங்கள். புள்ளிக்கு முன்னால் வெட்டு விழுந்தால் "கண்" என்பது "கண" என்று நிற்கும். புள்ளி வட்டம் கூடத் தெரியாது, பிழை என்றே யாருக்கும் படாது.

#12 முதலாண்டு_மாணவன்

அண்ணா, ஒரு சந்தேகம். ரியாக்ட் படிக்கவா, ஸ்வெல்ட் படிக்கவா, ஆஸ்ட்ரோ படிக்கவா என்று எங்கள் வகுப்பில் தினம் சண்டை. சீனியர்கள் "இனிமேல் எதுவும் படிக்க வேண்டாம், ஏஐ எழுதும்" என்கிறார்கள். இந்த இழையில் யாருமே இந்த மாதிரித் தளம் கட்டும் ஃபிரேம்வொர்க் பெயரையே சொல்லவில்லையே?

#13 கோவை_முன்முனை

ஏனென்றால் டீச்சரின் ஐந்து பிழையும் எந்த ஃபிரேம்வொர்க்கில் எழுதினாலும் வந்திருக்கும். ஜேகுவெரி 2006, ரியாக்ட் 2013, வ்யூ 2014, ஆஸ்ட்ரோ 2021. நான் வேலைக்கு வந்த பிறகே மூன்று முறை கருவி மாறிவிட்டது. ஒவ்வொரு முறையும் தமிழ்ச் சொல்லை நறுக்கும் அதே பிழையைப் புதுக் கருவியில் திரும்பத் திருத்தினேன். வேலைக்கு ரியாக்ட் கேட்கிறார்கள், அதனால் படி. படிப்பகப் பட்டியல் மாதிரி நாளுக்கு நாள் மாறாத பக்கங்களுக்கு ஆஸ்ட்ரோ, ஹியூகோ மாதிரி முன்கூட்டியே எச்டிஎம்எல்லாகச் செய்து வைக்கும் கருவி போதும், உலாவிக்கு மெகாபைட் கணக்கில் ஜாவாஸ்கிரிப்ட் போக வேண்டியதில்லை. ஆனால் எழுத்து, குறியீடு, பைட் மூன்றும் வேறு என்று உனக்கு இன்று புரிந்ததே, அதை எந்தக் கருவி வந்தாலும் கொண்டு போவாய்.

#14 வடமராட்சி_நிரலர்

தம்பி, இன்னொரு இடத்திலும் இந்தக் கணக்கு வரும். ஏஐ நிறுவனங்கள் டோக்கன் கணக்கில், அதாவது வாசகத்தை நறுக்கிய துண்டுகளின் எண்ணிக்கையில் காசு வாங்குகின்றன. பழைய டோக்கன் பிரிப்பான்கள் தமிழைப் பைட் துண்டுகளாக நறுக்கின, அதனால் ஒரே விஷயத்தைத் தமிழில் கேட்டால் கூடுதல் செலவு. 2024 மேயில் ஜிபிடி-4ஓ வந்தபோது ஓப்பன்ஏஐ காட்டின எடுத்துக்காட்டில் ஒரே தமிழ் வாசகம் 116 டோக்கனில் இருந்து 35-க்கு இறங்கியது. மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. பிரிப்பானைத் திரும்பச் செய்ததால் நடந்தது அது. தமிழில் அரட்டைச் செயலி செய்ய யோசித்துப் பயந்து விட்ட எத்தனையோ பேருக்கு அன்றைக்குத்தான் கணக்கு ஒத்துவந்தது.

குறுஞ்செய்தியிலும் அப்படித்தான். ஆங்கிலத்தில் 160 போகும், தமிழ் என்றால் ஒரு செய்திக்கு 70 குறியீடு. கொழுக்கட்டை ஒன்றே 11 தின்றுவிடும்.

#15 செவிவழி

முகவரி பற்றி ஒரு கேள்வி. தமிழிலேயே முகவரி வைப்பதா, எண் வைப்பதா? நண்பர்கள் தமிழ் முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சில நேரம் விழுக்காட்டுக் குறியும் எண்ணுமாக ஒரு நீளச் சரம் வருகிறது. திரைவாசிப்பான் அதை ஒவ்வொன்றாகப் படித்து முடிக்க அரை நிமிடம் ஆகிறது.

#16 வடமராட்சி_நிரலர்

எண். என் தெளிவான பதில் அதுதான். தமிழ்க் குறியீடு ஒன்று மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் முகவரியில் மூன்று எழுத்தாகும். "கீதை" நாலு குறியீடு, 36 எழுத்துச் சரமாக நீளும். புத்தகத்துக்கு எண் இருக்கிறது, அதைப் போடுங்கோ.

#17 கோவை_முன்முனை

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. உலாவியின் முகவரிப் பெட்டியில் தமிழ் தமிழாகவே தெரிகிறது. தமிழ் விக்கிப்பீடியா அத்தனை கட்டுரைக்கும் தமிழ் முகவரிதான் வைத்திருக்கிறது. .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று பெயர்வெளியே தமிழில் வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. நீளச் சரமாகக் காட்டுவது இடையில் உள்ள செயலியின் குறை. அதற்காக நாம் எண்ணுக்குப் போனால் அந்தச் செயலிகள் திருந்தவே திருந்தாது. எண்ணையும் தலைப்பையும் சேர்த்து வைக்கலாம்: முன்னால் எண், பின்னால் தமிழ். தமிழ் பாதி வெட்டுப்பட்டாலும் எண்ணை வைத்துத் தளம் பக்கத்தைக் கண்டுபிடிக்கும்.

#18 செவிவழி

நீங்கள் சொல்லும் நியாயம் புரிகிறது. ஆனால் செயலிகள் திருந்தும்வரை அந்த அரை நிமிடத்தை நான்தான் கேட்க வேண்டும்.

#19 கோவை_முன்முனை

சரிதான். எனக்கு அந்தக் கோணம் தோன்றவில்லை. அப்படியென்றால் பகிர்வதற்கு என்று ஒரு பொத்தான் வைத்து, அதில் எண் மட்டும் உள்ள சின்ன முகவரியைக் கொடுக்கலாம். டீச்சர், இதைச் செய்வது எளிது.

#20 டிஸ்கி_நாட்கள்

ஔவையாரை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். அம்மா, அதில் குற்றம் கருவி மேல் இல்லை, தட்டச்சில் இருக்கிறது. ஔ என்பது யூனிகோடில் ஒரே குறியீடு. ஆனால் ஒ அடித்துப் பக்கத்தில் ள அடித்தால் கண்ணுக்கு அதே மாதிரி தெரியும். உங்கள் பிள்ளைகள் ஐந்து பேரில் சிலர் இப்படியும் சிலர் அப்படியும் அடித்திருப்பார்கள். கௌதமர், மௌனி, பௌத்தம் எல்லாவற்றிலும் இதே சங்கடம் வரும்.

"கொ"வையும் ஒரே ஒகரக் குறியாக அடிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் அடிக்கலாம். இது கணினிக்குத் தெரியும். "நார்மலைஸ்" என்று கொடுத்து என்எஃப்சி வடிவம் கேட்டால் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஆனால் ஒ-வும் ள-வும் உண்மையிலேயே வேறு எழுத்துகள், அதை நார்மலைஸ் தொடாது. ஸ்ரீயும் அப்படித்தான். ஸ வைத்து எழுதுவது ஒன்று. 2005-இல் யூனிகோட் 4.1-இல் ஶ சேர்ந்த பிறகு அதை வைத்து எழுதுவது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒரே உருவம். அதையும் நீங்களே ஒன்றாக்கிக்கொள்ள வேண்டும்.

#21 முதலாண்டு_மாணவன்

ஐயா, அப்படியானால் "கெள" வருகிற இடமெல்லாம் "கௌ" என்று மொத்தமாக மாற்றிவிடலாமே? ஒரே நிமிட வேலை.

#22 டிஸ்கி_நாட்கள்

கெளுத்தி மீன் என்ன ஆகும், தம்பி?

#23 முதலாண்டு_மாணவன்

ஐயோ, ஆமாம். ள-வுக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் அது உண்மையான ள. அதை விட்டுவிட்டு, வெறும் ள-வாக நிற்பதை மட்டும் மாற்றினால்? கெளுத்தி, தெளிவு, வெள்ளி எல்லாம் தப்பிக்கும். எழுதிப் பார்த்தேன், நீங்கள் சொன்ன சொற்களில் சரியாக வேலை செய்கிறது. டீச்சர், கோப்பை அனுப்பினால் ஓட்டித் தருகிறேன். நேராக மாற்றாமல், மாறப் போகும் தலைப்புகளை மட்டும் முதலில் ஒரு பட்டியலாக எடுத்துத் தருகிறேன்.

#24 திண்ணைவாசகி

தம்பி பட்டியல் அனுப்பினார். 43 தலைப்புகள். 41 எந்தச் சந்தேகமும் இல்லாமல் ஔகாரம்தான். மாற்றியதும் ஔவையார் 19-ம் வந்துவிட்டார், நோட்டுக் கணக்கோடு ஒத்துப்போகிறது. எழுத்துரு ஒன்றே ஒன்று, நோட்டோ சான்ஸ் தமிழ், வோஃப்2 என்ற சுருக்கிய வடிவில் எங்கள் இடத்திலேயே வைத்துவிட்டேன். வரி இடைவெளியைக் கூட்டியதும் கொம்பும் சுழியும் மேல் வரியோடு இடிப்பது நின்றது. பேருந்து நிலையத்தில் நின்று என் பழைய கைபேசியில் திறந்து பார்த்தேன், உடனே வருகிறது.

மிச்சம் இரண்டு தலைப்புகள். இரண்டும் எங்கள் வட்டாரப் பேச்சில் எழுதிய சிறு வெளியீடுகள். ஒன்றில் "வெளக்கு" என்று இருக்கிறது, அது விளக்குதான், தொடக் கூடாது. இன்னொன்றில் "கெளவி" என்று பிள்ளைகள் அடித்திருக்கிறார்கள். கிழவியைத்தான் அப்படி எழுதினாரா, பல்லால் கௌவியதைச் சொல்கிறாரா என்று தலைப்பை மட்டும் வைத்துத் தெரியவில்லை. அந்தப் புத்தகம் மேல் தட்டில், மூன்றாவது அலமாரியில் இருக்கிறது. சனிக்கிழமை படிப்பகம் திறந்ததும் ஏணி போட்டு எடுத்துப் படித்துவிட்டு வந்து சொல்கிறேன்.